பச்சை வண்டியின் இடது கை

முன்னால் இன்னும் பதினோரு வண்டிகள் நிற்கின்றன, பதினொன்றுக்கும் கொடியசைத்து அவை வாசலைத் தாண்ட எப்படியும் அரைமணி நேரம் ஆகும், அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும், ஆனால் காலை ஐந்தரை மணியிலிருந்து இதே முடிவுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன், வந்து சேர்ந்தபாடில்லை. ரவிக்கை இறுக்குகிறது. புஜத்தில் பலூன் வைத்துத் தைத்த ரவிக்கை. அந்தக் காலத்து வண்டியில் வருகிறவர்கள் அந்தக் காலத்து உடுப்பில்தான் வர வேண்டுமென்று பழைய கார் கிளப் நடத்தும் ரேலியில் ஒரு வழக்கம், நன்றாக உடுத்தி வரும் தம்பதிக்கு ஒரு கேடயமும் உண்டு, அதனால் மாசி வெயிலில் கோயமுத்தூரில் ஒரு கல்லூரி மைதானத்தின் நடுவே பட்டுச்சேலையும் பலூன் கையுமாக அறுபது வயதில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கோட்டும் தொப்பியுமாக இவர். என்னைக் கட்டிய குழந்தைவேலு. கோட்டுக்குள் வியர்வை ஊறுகிறது, முகத்தில் மட்டும் கல்யாண வீட்டுக் களை. இந்த மனிதரை இங்கிருந்து கிணத்துக்கடவு வரை இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓட்ட விடுவதா, வேண்டாமா. அவ்வளவுதான் கேள்வி. வேண்டாம் என்று எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், ஓசூரில் இருக்கிற மகளுக்குத் தெரியும், நேற்று ராத்திரிகூட போனில் “அப்பாவ விட்டுறாதம்மா” என்றாள். தெரிவதற்கும் வாயைத் திறந்து சொல்வதற்கும் நடுவில் மூன்று மாதம் போய்விட்டது. எனக்குக் களைப்பாக இருக்கிறது.

ஒரு வண்டி நகர்ந்தது. இவர் கியரைப் போட்டு ஒரு வண்டி நீளத்துக்கு முன்னால் விட்டு நிறுத்தினார். முன்னால் நிற்பது ஸ்டூடிபேக்கர், மூக்கு நடுவில் ஆகாய விமானத்தின் முகத்தை ஒட்டவைத்த வண்டி, முன்னாலிருந்து பார்த்தால் பறக்கப் போகிற தோரணை, பின்னாலிருந்து பார்த்தாலும் முன்பக்கம்தானோ என்று தோன்றும். அதற்கு முன்னால் பக்கவாட்டில் மூன்று ஓட்டை வைத்த பியூக், அந்த ஓட்டை எதற்கு என்று இவரிடம் கல்யாணமான புதிதில் கேட்டேன், “அழகுக்குத்தான் அம்மிணி” என்றார், அழகுக்காக ஓட்டை போடுவார்களா என்று சிரித்தேன், நீ மூக்குக் குத்தியிருக்கிறாயே என்றார். அப்போதெல்லாம் பேச்சுக்குப் பேச்சு வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் முட்டை போல ஒரு இசெட்டா, அதற்குக் கதவே முகத்தில்தான், ஃபிரிட்ஜைத் திறப்பது போலத் திறந்தால் ஸ்டியரிங்கும் கதவோடு வெளியே வந்துவிடும், மூக்கை இடித்து நிறுத்திவிட்டால் எப்படி இறங்குவது என்பதை யோசிக்காமலேயே ஒருவன் வண்டி செய்திருக்கிறான், அவன் மேல் எனக்கு எப்போதும் ஒரு பிரியம். வலப்பக்கம் கோத்தகிரி ஃபிரெடரிக் அண்ணனின் வண்டி, பின்பாதி முழுக்கத் தேக்குப் பலகை, கப்பல்காரன் செய்த மாதிரி கூர்ந்து முடியும், வெயில் பட்டால் தேன் நிறம். எதற்கு இவ்வளவு அழகு. சக்கரமும் என்ஜினும் இருந்தால் போதாதா. போதாது என்று நினைத்தவர்கள் ஒரு காலத்தில் இருந்திருக்கிறார்கள், மட்கார்டை நேராக மடித்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று தெரிந்தும் அதை வளைத்து வளைத்துத் தட்டியிருக்கிறார்கள். இந்தப் பைத்தியத்தோடு முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தி எனக்கு அலுத்துவிட்டது என்று சொல்வேன், எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், ஆனால் எங்கள் பச்சையின் முன் மட்கார்டு வளைந்து இறங்கி, கால் வைத்து ஏறும் பலகையில் சேர்கிற இடம் இருக்கிறதே, அதைத் துடைக்கும்போது கை தானாக மெதுவாகிவிடும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

பச்சை என்பது எங்கள் வண்டிக்கு வீட்டில் வைத்த பேர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருடத்து இங்கிலீஷ் வண்டி. வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததை, கோழியை இறக்கிவிட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார், அப்போது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. வீட்டுக்கு மனைவி என்று ஒருத்தி வந்திருப்பதையே மறந்து ஃபவுண்டரி வேலை முடிந்ததும் ஷெட்டுக்குள் போய்விடுவார், நான் கோபித்துக்கொண்டு நாலு நாள் பேசாமல் இருந்து, ஐந்தாம் நாள் பேச ஆள் வேண்டுமே என்று ஷெட்டுக்குப் போனேன், கையில் ஒரு கிண்ணம் மண்ணெண்ணெயும் ஒரு பிடி போல்ட்டும் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். வயிற்றுக்குள் இருந்த பிள்ளைக்கு மண்ணெண்ணெய் வாசம் ஒட்டியிருக்கும், அதனால்தான் அவளுக்குக் கார் என்றாலே குமட்டுகிறது என்று இவர் கேலி பேசுவார். எனக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றத் தெரியும். அதற்குள்ளே கட்டைவிரல் அகலத்தில் ரோட்டார் என்று ஒன்று இருக்கிறது, அது இல்லாவிட்டால் பிளக்குக்கு மின்சாரம் போகாது, வண்டி செத்த பிணம். இன்று விடியற்காலையில் இவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது நான் ஷெட்டுக்குப் போய் அதைக் கழற்றினேன். கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இடுப்பில் செருகிக்கொண்டால் முடிந்தது, ரேலி கிடையாது, கிணத்துக்கடவு கிடையாது, வண்டிக்கு என்னவோ கோளாறு என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். பிறகு இவர் நாள் முழுக்கப் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் கையில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டு குனிந்து நிற்பது கண்ணில் வந்தது. திரும்ப மாட்டிவிட்டேன். அந்தக் கோளாறு வண்டியில் இல்லை என்பதை வண்டியை வைத்தா சொல்வது.

கார்த்திகையில் ஒரு நாள் காலை எழுந்து உட்கார்ந்தவர் தலை சுற்றுகிறது என்றார், சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது, மூளையில் சின்னதாக ஒரு அடைப்பு, கை கால் பேச்சு எல்லாம் நன்றாக இருக்கிறது, உங்கள் நல்ல காலம் என்றார் டாக்டர். கண்ணை மட்டும் சோதித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிடாமல் இவரை வைத்துக்கொண்டே சொன்னார், ரெண்டு கண்ணிலும் இடது பாதி போயிடுச்சுங்க, இனி வண்டி ஓட்டக் கூடாதுங்க. “சரிங்க டாக்டர்” என்றார் இவர். தண்ணி நிறையக் குடிங்க என்று சொன்னதற்கும் அதே சரிங்க டாக்டர்தான். வீட்டுக்கு வந்து தட்டு வைத்தேன், வலது பக்கத்தில் இருந்த ரெண்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார், இடது பக்கத்து ரெண்டும் அப்படியே இருந்தன. பசியில்லையா என்றேன். “இருந்தது, தீந்து போச்சே” என்றார். நான் தட்டைத் திருப்பி வைத்தேன். அட, என்று உட்கார்ந்து மீதியையும் சாப்பிட்டார். அன்றிலிருந்து தட்டைத் திருப்பி வைப்பது என் வேலை. பேச்சில்லாமல் திருப்புவேன், பேச்சில்லாமல் சாப்பிடுவார். பத்து நாளில் ஷெட்டைத் திறந்து பச்சையைக் கிளப்பினார், சும்மா தெருக்கோடி வரைக்கும் என்றார், நான் ஓடிப்போய் இடது பக்கம் ஏறிக்கொண்டேன். அங்கேதான் நான் தப்பு செய்தேன். ஏறாமல் குறுக்கே நின்றிருக்க வேண்டும். ஏறிக்கொண்டேன், ஏறியதும் அது இருவரும் சேர்ந்து செய்கிற காரியமாகிவிட்டது.

“ஆன்ட்டி, அங்கிள், குட் மார்னிங், நீங்க முப்பத்தொண்ணாம் நம்பர்தானே?” என் ஜன்னலில் ஒரு முகம். தொப்பியும் கழுத்தில் அட்டையும் போட்ட பெண், அட்டையில் ஷெரின் என்று இருக்கிறது. என்னைத் தாண்டிக் கையை நீட்டி இவரிடம் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கிறாள். பாட்டில் இவர் தாடைக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. இவர் நேராகப் பார்த்துக்கொண்டு, “குட் மார்னிங் சாமி” என்று சிரிக்கிறார். அந்தப் பெண் கையை நீட்டியபடியே நிற்கிறாள். நான் வாங்கிக்கொண்டேன். “அவரு வண்டியில உக்காந்தா வேற எதையும் பாக்க மாட்டாரு கண்ணு” என்றேன். எவ்வளவு லேசாக வருகிறது எனக்கு. ஷெரின் சிரித்துவிட்டு, “வாசல்ல லெஃப்ட் எடுத்து நேரா போங்க அங்கிள். ஈச்சனாரி தாண்டி மெதுவா போகணும், மலுமிச்சம்பட்டி பக்கம் ஒரு ஸ்கூல் பசங்க எல்லாம் ரோட்டோரமா நின்னு கொடி ஆட்டறாங்க, எல்லாம் லெஃப்ட் சைடுதான், முந்நூறு பேரு, கொஞ்சம் ஓரமா போய்க் கை காட்டுங்க, குழந்தைங்களுக்கு சந்தோசமா இருக்கும்” என்றாள். “அதுக்கென்ன, காட்டிட்டாப் போச்சு” என்றார் இவர். முந்நூறு பேர். இடது பக்கம். கொஞ்சம் ஓரமாக. தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்தேன், ஜில்லென்று இருந்தது. ரேலிக்குப் பேர் கொடுக்கும் ஃபாரத்தில் நான்தான் எழுதினேன். இவருக்கு வரியின் வலது பாதிதான் தெரிகிறது, அதனால் கண்ணாடி சரியில்லை நீயே எழுது என்றார், நானும் கண்ணாடிக்கடைக்காரனை நாலு திட்டு திட்டிவிட்டு எழுதினேன். ஓட்டுநர் பேர், வழிகாட்டுநர் பேர், ஓட்டுநரின் கண்பார்வை நலமா, ஆம் இல்லை. ஆம் என்பதில் டிக் அடித்தேன். கடைசியில் வழிகாட்டுநர் கையெழுத்து, குழ. ரங்கநாயகி. பேனா நன்றாகத்தான் எழுதியது.

இன்னொரு வண்டி போனது. ஒலிபெருக்கியில் யாரோ ஒரு டாட்ஜின் வரலாற்றைச் சொல்கிறார், பின்னால் டிக்கியைத் திறந்தால் வெட்டவெளியில் ரெண்டு பேர் உட்காரும் சீட் இருக்கும், மாமியாரை உட்கார வைப்பதற்கு என்று சொல்ல, கூட்டம் சிரிக்கிறது. இவரும் சிரிக்கிறார். இந்த வருடமும் அதே நகைச்சுவையா என்று நான் நினைக்கும்போதே இவர், “போன வருசமும் இதத்தான் சொன்னான்” என்கிறார், அதற்கு எனக்குச் சிரிப்பு வந்தது, இந்தச் சின்ன விஷயத்தில் இன்னமும் நாங்கள் ஒரே ஆள்தான். இடது பக்கம் எப்போதும் என் பொறுப்பு. இது கண்ணுக்கு வந்த கேட்டுக்கு முன்னாலிருந்தே. பச்சை, இண்டிகேட்டர் விளக்கு வருவதற்கு முந்தைய காலத்து வண்டி, கதவுக்குப் பின்னால் இருக்கிற தூணுக்குள் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கை மடங்கிப் படுத்திருக்கும், ஸ்டியரிங் நடுவில் உள்ள திருகைத் திருப்பினால் அது வெளியே நீண்டு ஆரஞ்சு நிறத்தில் எரியும். வலது கை ஒழுங்காக நீளும். இடது கை மட்டும் நீளாது. உள்ளிருந்து தூணில் கைமுட்டியால் ஒரு குத்து விட்டால்தான் வரும். எத்தனையோ தடவை கழற்றி எண்ணெய் விட்டுப் பார்த்தார், பத்து நாள் நீளும், பழையபடி படுத்துக்கொள்ளும். பிறகு விட்டுவிட்டார், உன் கைக்குப் பழகிருச்சு அம்மிணி, வேற யாரு சொன்னாலும் கேக்காது என்றார். இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் திருகைத் திருப்புவார், எதுவும் சொல்லமாட்டார், என் முட்டி தானாகப் போய்க் குத்தும். தூக்கத்தில்கூடக் குத்தியிருக்கிறேன். தூணில் அந்த இடத்தில் துணி தேய்ந்து மரம் தெரிகிறது, கைமுட்டியில் எனக்கு ஒரு காய்ப்பு இருக்கிறது, கல்யாண மோதிரம்கூட இவ்வளவு அழுத்தமாக அடையாளம் வைக்கவில்லை.

இப்போது மூன்று மாதமாக முட்டியோடு வாயும் சேர்ந்துகொண்டது. இடது பக்கம் பஸ் நிற்கிறது பார்த்து வாங்க என்று சொல்ல முடியுமா, சொன்னால் தெரியவில்லை என்று ஆகிவிடும், அதனால் “அந்த பஸ்காரனப் பாருங்க, நட்டநடுவுல நிறுத்தியிருக்கறத” என்பேன், ஊர்க்கதை பேசுகிற மாதிரி. “ஆட்டுக்குட்டி என்னமா துள்ளிட்டு வருது” என்பேன். “தள்ளுவண்டியில கொய்யா நல்லா இருக்குதாட்ட இருக்கே” என்பேன். இவர் ம் என்பார், வண்டி லேசாக வலது பக்கம் ஒதுங்கும். என் தந்திரத்தை நினைத்து எனக்கே ஒரு பெருமை இருந்தது, தை மாதம் வெள்ளலூர்ப் பக்கம் போன அன்று வரைக்கும். அன்று ஒரு தும்மல் வந்தது. தும்மலுக்கு நான் என்ன செய்வது. கண்ணை மூடித் திறப்பதற்குள் இடது சக்கரம் எதன் மேலோ ஏறி நசுக்கி இறங்கியது. சாலைவேலைக்காரர்கள் ஜல்லிக்குவியல் ஓரமாக வைத்திருந்த தூக்குப்போசி, மத்தியானச் சோறு. குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் தலைத்துணியோடு எழுந்து நின்று வண்டியைப் பார்த்தாள், திட்டவில்லை, பார்த்தாள், அவள் கால் இருந்த இடத்துக்கும் போசி இருந்த இடத்துக்கும் ரெண்டடிதான் இருக்கும். “என்ன சத்தம்” என்றார் இவர். “ஒண்ணுமில்லீங்க, கல்லு” என்றேன். கொஞ்ச தூரம் போய் வயிற்றைப் பிசைகிறது நிறுத்துங்க என்று சொல்லி இறங்கி, எங்கள் கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு நடந்து போய் அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “ஏனுங்க, அவருக்குக் கண்ணு தெரியாதுங்களா” என்று கேட்டாள். அவள் ஒருத்திதான் நேராகக் கேட்டவள். தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏழு வண்டி. ஆறு. எனக்கு மயக்கம் வருகிறது என்று சொல்லலாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயலாம், சும்மா சாய்ந்தால்கூட இப்போது நிஜமாகவே மயக்கம் வந்துவிடும், அவ்வளவு அசதி. ஆனால் அடுத்த மாதம் ஊட்டி ரேலி இருக்கிறது, அதற்கு என்ன வலி வைத்திருக்கிறேன். ஃபிரெடரிக் அண்ணன் தன் தேக்குக் கப்பலிலிருந்து கையை ஆட்டுகிறார், “குழந்த, மதியம் சாப்பாட்டுக்குப் பொறவு உன் வண்டி கார்புரேட்டரப் பாக்கலாம்பா” என்கிறார். வலப்பக்கம் என்பதால் இவருக்கு அண்ணன் தெரிகிறார், உற்சாகமாகக் கையை ஆட்டுகிறார். வலது பக்கத்தில் உலகம் எவ்வளவு நிறைந்திருக்கிறது இவருக்கு. நான் எங்கே இருக்கிறேன். நான் இடது பக்கம். இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது, மூன்று மாதமாக இந்த வண்டிக்குள் இவர் என்னைப் பார்த்ததே இல்லை, என் குரல் மட்டும்தான் பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறது, பஸ்ஸும் ஆடும் கொய்யாவுமாக. பலூன் கை வைத்த ரவிக்கையை வீட்டில் ஒரு தடவை பார்த்திருப்பார். தம்பதிக்குக் கேடயமாம். எனக்கு அழுகை வந்தது, அழ நேரமில்லை, மூன்று வண்டிதான் இருக்கிறது. முந்நூறு பிள்ளைகள். கொடி வைத்திருப்பார்கள், காகிதக் கொடி, முன் வரிசையில் குட்டையானவர்களை நிறுத்தியிருப்பார்கள், வண்டி நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஒரு காலைச் சாலையில் வைத்து எட்டிப் பார்ப்பார்கள், டீச்சர் பின்னால் இழுப்பாள், இன்னொன்று முன்னால் வரும். எத்தனை கொய்யாக் கதை சொல்வேன். ஒரு தும்மல் போதும். கடவுளே, ஸ்டூடிபேக்கர் போய்விட்டது.

கொடியசைத்தார்கள். கைதட்டினார்கள். “குழந்தைவேலு, ரங்கநாயகி தம்பதியர்” என்று ஒலிபெருக்கி சொன்னது, பச்சை குலுங்கிக் கிளம்பி வாசல் வரை உருண்டு நின்றது, எதிரே பெரிய சாலை, இடது பக்கம் திரும்ப வேண்டும். இவர் திருகைத் திருப்பினார். கை நீளவில்லை. தூணுக்குள் கடக் என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்தது, அது என் முட்டிக்கான சத்தம், முப்பத்தெட்டு வருடப் பழக்கத்தில் முட்டி மடியிலிருந்து எழுந்துவிட்டது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். பிடித்து மடியில் வைத்து அழுத்தினேன், தண்ணீர் பாட்டில் உருண்டு காலடியில் விழுந்தது.

“கை வரல அம்மிணி.”

பின்னால் ஒரு ஹார்ன்.

“தட்டு.”

“தட்ட மாட்டனுங்க.”

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இவர் முதலில் கழுத்தைத் திருப்பினார், நான் கிடைக்கவில்லை, தோளைத் திருப்பினார், பிறகு உடம்பை முழுக்கச் சீட்டில் திருப்பி என் பக்கம் வந்தார், கண் தேடிக்கொண்டே வந்து என் முகத்தில் நின்றது. “ஏன்?”

“உங்களுக்கு இந்தப் பக்கம் தெரியலீங்க. நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். ஃபாரத்துல பொய் எழுதிக் குடுத்தேன். அன்னிக்கு வெள்ளலூர்ல ஏறுனது கல்லு இல்லீங்க, ஒரு பொம்பளையோட தூக்குப்போசி. அவ ரெண்டடியில நின்னுட்டிருந்தா.”

“தெரியும்.”

“என்னங்க தெரியும்?”

“நாப்பது வருசம் ஃபவுண்டரியில நின்னவன் அம்மிணி. கல்லு நசுங்குற சத்தமும் தகரம் நசுங்குற சத்தமும் எனக்குத் தெரியாதா?” தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தலை வியர்த்து முடி ஒட்டியிருந்தது. “இத்தன வருசத்துல நீ இந்த வண்டியில உக்காந்து ரோட்டப் பத்தி ஒரு வார்த்த பேசுனதில்ல. மூணு மாசமா பஸ்ஸு, ஆட்டுக்குட்டி, கொய்யான்னு பேசிட்டே வர்ற. நீ வாயத் தொறந்தாலே நான் பிரேக்குல கால வெச்சுருவேன்.”

“தெரிஞ்சுட்டேவா ஓட்டுனீங்க?”

“நீ நிறுத்துவேன்னு பாத்துட்டே இருந்தேன். நானா எப்படி நிறுத்தறது.”

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மூன்று மாதம் தூக்கமில்லாமல் நான் இவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தேன், இவர் நான் நிறுத்துவேன் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார், நடுவில் அந்தப் பெண் ரெண்டடியில் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். ஷெரின் ஓடிவந்து என்ன ஆச்சு அங்கிள் என்றாள். “எனக்குக் கண்ணு செரியில்ல சாமி, நாங்க வரல, ஓரமாத் தள்ளி உட்ருங்க” என்றார் இவர். சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார். அவ்வளவு சுலபமாகச் சொன்னார். ரெண்டு பேர் வந்து பச்சையை வாசலோரம் தள்ளிவிட்டார்கள், நான் இறங்கிக்கொண்டேன், இவர் கதவை மூடிவிட்டு மட்கார்டின் வளைவில் ஒரு தடவை கையை வைத்து எடுத்தார், நான் தடவுகிற அதே இடத்தில்.

மற்ற வண்டிகள் வர ஆரம்பித்தன. போய்விடலாமா என்று கேட்டேன், “இரு, பாத்துட்டுப் போலாம்” என்றார். பச்சைமேல் சாய்ந்துகொண்டு நின்றோம், பழக்கத்தில் நான் இவருடைய இடது பக்கம் போய் நின்றிருந்தேன். இவர் கையை நீட்டித் துழாவி, என் பலூன் கையைப் பிடித்து முன்னால் சுற்றி வலது பக்கத்துக்கு இழுத்தார். “இக்கட்ட நில்லு. அக்கட்ட நின்னா நீ இருக்கறயா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது.” என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “ரவிக்க நல்லா இருக்குது” என்றார். இறுக்குது என்றேன். மைதானத்திலிருந்து வருகிற வண்டிகள் எங்களுக்கு இடது பக்கமிருந்துதான் வந்தன, இவருக்குப் பாதி வழியில் திடீரென்று முளைத்து வலது பக்கம் போய்க்கொண்டிருந்தன, ஒவ்வொன்றுக்கும் லேசாகத் திடுக்கிட்டார். நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு, “இடது பக்கம் ஒரு வண்டி வருதுங்க” என்றேன். “என்ன வண்டி?” என்றார். “ஹெரால்டு. வெள்ள. மேல் மூடிய எறக்கி விட்டிருக்காங்க, பின்னால ஒரு பொண்ணு குடை புடிச்சு உக்காந்திருக்கா.” ம் என்று சொல்லிவிட்டு, என் கையை விடாமல், அது வருவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.